பல்வலி

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க."

கல்யாணமான முதல் வாரத்தில் அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எது வேண்டுமானாலும் கேள், என் போனை மட்டும் கேட்காதே. அது என் ப்ரைவசி. மூன்று வருஷம் அவளும் கேட்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, உப்பு டப்பாவைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் கயிறு அறுந்த லிஃப்டில் நிற்பதுபோல இருந்தது.

"எதுக்கு?"

"உறுதியானதும் சொல்றேன். சீக்கிரம் கொடுங்க. பத்து நிமிஷம்தான் டைம்."

கெடு வைக்கிறாள்! அப்படியென்றால் தெரிந்துவிட்டது. வீடும் போச்சு, மானமும் போச்சு.

தெரிந்துகொள்ள இருந்தது ஒரே விஷயம்தான். பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் உட்காரும் பெண். போன வருஷம் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கப் போனான். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட், அதற்கப்புறம் மாதம் நாலு தடவை நின்றது. போனில் அவள் பெயரைப் 'பல்வலி' என்று போட்டு வைத்திருந்தான். பல்வலி எதற்கு ஒரு மனுஷனுக்குக் காலை வணக்கம் சொல்கிறது என்று யாராவது கேட்பார்களே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் மூளை.

"சார்ஜ் இல்ல," என்றான்.

அவள் சார்ஜரைக் கொண்டுவந்து, அவன் கையிலிருந்த போனிலேயே செருகினாள். எழுபத்தாறு சதவீதம் என்று பளிச்சென்று காட்டியது.

"லாக் மறந்துபோச்சு."

"தினமும் போடுற லாக்கா?"

"நேத்துதான் மாத்தினேன்."

"ஏன் மாத்தினீங்க?"

இதற்கு நல்ல பதில் எந்தப் புருஷனிடமும் கிடையாது. அவன் திரையில் கண்டபடி கோடு இழுத்தான். தப்புக்குமேல் தப்பாகப் போட்டதும், முப்பது விநாடி காத்திருக்கச் சொன்னது போன். அதை எடுத்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது அவனுக்கு.

உள்ளறையிலிருந்து அவன் தங்கை கத்தினாள். "அண்ணி! இன்னும் ஆறு நிமிஷந்தான்!"

தங்கச்சியும் கூட்டா! காலேஜ் பக்கமாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துக்கொண்டதற்கு இதுவா பலன்?

"நம்பிக்கைன்னு ஒண்ணு வேணாமா?" என்று குரலை உயர்த்தினான். "புருஷன் போனை நோண்டறது எவ்வளவு கேவலம் தெரியுமா?"

"நான் எதையும் நோண்டலங்க. நீங்களே கையில வெச்சுக்குங்க. புதுசா வந்த மெசேஜை மட்டும் படிச்சுச் சொன்னாப் போதும்."

சொல்லி வைத்தாற்போல் போன் சிணுங்கியது. பார்த்தான். பல்வலி. 'கோவமா?'

பாத்ரூமுக்கு ஓடினான். அடுத்த நொடி 'தொபுக்'கென்று ஒரு சத்தம்.

"கை வழுக்கிடுச்சு," என்றான் வெளியே வந்து. வாளிக்குள் போன் கடைசியாக ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்தது.

அவள் தலையில் கைவைத்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. எல்லாம் போச்சு." கண் கலங்கியது.

மெக்கானிக் ஓடி வந்தான். பக்கத்தில் மண்டியிட்டான். "அப்படிச் சொல்லாதடி. ஒண்ணுமே நடக்கல. காபி குடிச்சோம். ரெண்டே ரெண்டு தடவை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கலங்கலைக் கண்டால் அசைக்கக் கூடாது, வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அடியில் படிவதெல்லாம் தானாகப் படியும். அதனால் பேசாமல் இருந்தாள்.

"சரி, அஞ்சு தடவை."

பேசவில்லை.

"ஒரு சினிமா. படமே நல்லால்ல."

பேசவில்லை.

"கல்யாணம் ஆகலைன்னு சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம போட்டோவை அவ பாத்துட்டா. யாருன்னு கேட்டா. நான் என்ன பண்ணுவேன்? அக்கான்னு சொல்லிட்டேன்."

"அக்காவா?"

"ஒண்ணுவிட்ட அக்கா," என்றான், குற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள.

அவள் எழுந்தாள். முகத்தில் இப்போது கலக்கமே இல்லை. அலமாரியைத் திறந்து சர்ட்டிபிகேட் ஃபைலை எடுத்தாள். நாலு புடவையைப் பையில் திணித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஃபாரத்துல 'கணவருடன்'னு இருக்கறதை அழிச்சிட்டு, 'தனியாக'ன்னு போட்டுடு. நம்பரையும் மாத்து. என் நம்பரையே போடு."

தங்கை லேப்டாப்பும் கையுமாக வெளியே வந்தாள். "ஒரே ரூம்தான் தருவாங்க அண்ணி."

"என் ஒருத்திக்கு எத்தனை ரூம் வேணும்?"

லிஃப்ட் பக்கம்கூடப் பார்க்காமல் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

மெக்கானிக் தங்கையிடம் பாய்ந்தான். "யாருடி அவகிட்ட போட்டுக் கொடுத்தது? நீதானே?"

அவள் பாத்ரூமை எட்டிப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"யாரும் எதுவும் சொல்லலண்ணா. அண்ணிக்கு வெளியூர்ல பெரிய வேலை கிடைச்சிருக்கு, அந்த ஃபாரத்துல உனக்கும் சேர்த்து வீடு கேட்டிருந்தாங்க. அவங்க பேர்ல இருக்கற எல்லாத்துக்கும் நீதானே உன் நம்பரைக் கொடுத்து வச்சிருக்கே, அதான் உன் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டாங்க."