ஓலை வாசித்த அன்று ஜெனிலா எழுந்து நின்றது

தூத்துக்குடி,
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் கிருபாநிதி அவர்களுக்கு, ஜேசுதாசன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்லாதே என்று வேதம் சொல்வதால் நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று ஆலயத்தில் நம் மகள் ஜெனிலாவுக்கு, மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தார்கள். மணமகன், நீங்கள் பார்த்துக் கொடுத்த மருந்துக்கடை பிரைட்டன்தான். "இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா?" என்று குருவானவர் வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல யாரும் சொல்லமாட்டார்கள் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். யாரென்று பார்த்தால் கல்யாணப் பெண்!

"எனக்குத் தடை இருக்கு. எங்கிட்ட யாரும் கேக்கல."

குருவானவர் என்னைப் பார்த்தார். போன வாரம் அவர், "பெண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டபோது, "அவளுக்கு அறிவு வளர்ச்சி கம்மி, அவளுக்கும் சேத்து நானே சொல்லுதேன்" என்றவன் நான்தானே. துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கிரேன் ஓட்டியவன் நான். எதைத் தூக்கி எங்கே வைத்தாலும் எந்தச் சரக்கும் வாய் திறந்ததில்லை, மச்சான்.

சமாதானப்படுத்த அவள் தலையில் கைவைக்கப் போனார் குருவானவர். "கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள். எல்லாம் அவள் போகிற பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுப்பது. அவரும் பயந்துபோய்க் கேட்டார். "சரி, வைங்க" என்று தலையைக் காட்டினாள்.

சாயங்காலமே வக்கீல் பிரேமாவிடம் ஓடினேன். "அண்ணாச்சி, அவளுக்கு இருபத்தேழு வயசு. கல்யாணமோ, ஆம்பள பொம்பள உறவோ, அவ புரிஞ்சு அவளா சரின்னு சொல்லணும். அவளுக்குப் பதிலா நீங்க சொல்லுத சம்மதம் செல்லாது" என்றார்.

"அப்ப பெத்தவனுக்கு என்னதாம்மா உரிமை?"

"பந்தில நின்னு பரிமாறலாம்."

எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற பயம்தான் மச்சான், வேறொன்றுமில்லை. தாய்மாமன் பேச்சை அவள் தட்டமாட்டாள். இரண்டாம் ஓலைக்குள் வந்து அவளுக்குப் புத்தி சொல்லவும்.

உங்கள் தங்கை ஜெயபாய் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள்; என்னோடு பேச்சு இல்லாததால் சுவரிடம் சொன்னாள். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

அன்புள்ள,
ஜேசுதாசன்

பி.கு.: வரவேண்டாம். பிரைட்டனிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கடிதத்தை ஒட்டுமுன் ஜெனிலாவிடம், "பின்ன யாரத்தான் பிடிக்கும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. "ஜாபேஸ்" என்றாள். மையத்தில் அவளோடு மெழுகுவர்த்தி செய்கிறவன், முப்பது வயதுக்காரன். "கட்டிக்கிடுதியான்னு கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னான்." அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று நான் செருப்பை மாட்டினேன். "உக்காருங்கப்பா. அவனா சொல்லட்டும்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை சரி என்று சொல்லவேண்டுமே என்று எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.