குட்டைத் துப்பாக்கியின் சீர்திருத்தக்காரர்

காலை ஐந்தே முக்காலுக்குத் தகவல் வந்தது. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் தொலைபேசியில் சொன்னார்: "ஜோலீன், எழுந்துட்டியா? ஒன் கெழக்கு வேலியோரம் ரெண்டு ஆட்டுக்குட்டி செத்துக் கெடக்கு. கொயோட்டி வேலைதான். கழுத்தப் பாத்தாலே தெரியுது." ஜோலீன் ஓடிப்போய்த் தன் பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு போர்வையும் காலித் தீவனச் சாக்கும் அகப்பட்டன. அங்கே இருக்க வேண்டிய துப்பாக்கி, போன இலையுதிர்காலம் தொட்டு, அவளுடைய கொழுந்தன் ராய்ஸின் கார் கொட்டகையில் சீர்திருத்தம் அடைந்துகொண்டிருந்தது.

வாசகரே, ஓநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பியான கொயோட்டி பசித்தால் மட்டும் கடிக்கிறது. அதை மன்னித்துவிடலாம். எங்கள் வயோமிங் மாநிலத்து ஆட்டுப்பண்ணைகளுக்கிடையே வேறொரு ஜீவராசி திரிகிறது. இந்தச் சித்திரம் அதைப் பற்றியது. அதன் பெயர் சீர்திருத்தக்காரர். நன்றாக வேலை செய்யும் எதைக் கண்டாலும் அதன்மேல் இரக்கப்படும்.

அதற்கு மிகவும் பிடித்த இரை, பின்கட்டை இல்லாத குட்டைத் துப்பாக்கி. ரைபிளைப் போன்ற உடம்பு, சாண் கணக்கில் குழல், தோளில் பதிக்கக் கட்டை கிடையாது. கட்டை பூட்டினால் சட்டத்தின் கண்ணில் அது வேறு பிறவி, அதற்கு வேறு அனுமதி. அப்படியானால் அதை எப்படித்தான் ஆடாமல் பிடிப்பது? வாரை முதுகைச் சுற்றிப் போட்டு, இரண்டு கைகளாலும் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். வார் விறைக்கும். தோள் பார்க்கும் வேலையை அந்த விறைப்புப் பார்த்துக்கொள்ளும். சொல்லி முடிக்க அரை நிமிஷம். சீர்திருத்தக்காரர் இதை அரை நாள் சொல்லுவார்.

ஜோலீனுக்கு இந்தத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் இல்லை. கிடாய் ஒன்று முட்டி அவளுடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ரைபிளின் உதை அங்கே ஆகாது. அவளுடைய கணவன் மார்ட்டின் அதற்காகவே இதை வாங்கி, அவள் கைநீளத்துக்கு வாரை அளந்து தைத்து, மண்மேட்டில் காகிதத் தட்டை நிறுத்தி, அவள் சுடச் சுடக் குறியைத் திருத்தி, குண்டு நடுவில் விழுந்ததும் "போதும், இனிமே இந்தக் குறியத் தொடாதே" என்று சொல்லி அவளிடம் கொடுத்தான். அக்டோபரில் இதயம் நின்று போய்விட்டான்.

அடக்கம் முடிந்த அன்று மத்தியானம், எல்லாரும் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவனுடைய தம்பி ராய்ஸ் பிக்கப்பின் இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதயா அண்ணன் ஒனக்குக் குடுத்தான், ஜோ? வெறும் இரும்புக் குறியா? தச்ச வாரா? அடப்பாவமே. குடு, ஒரு வாரத்துல சரிபண்ணித் தரேன்."

அன்றைக்கு அவளிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

சீர்திருத்தக்காரரின் ஒரு வாரத்துக்கு ஏழு நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? முதலில் தையலைப் பிரித்து வாரைக் கழற்றினார். பிறகு குறிபார்க்கக் குழல்மேல் இருந்த இரும்புக் குறிகளைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி ஒன்று பூட்டினார். அது உயரம் போதவில்லையென்று அதற்கு ஒரு மேடை, மேடை கனக்கிறதென்று அதைவிடச் சன்னமான மேடை, முன்னால் விரல் தடுக்கி, பக்கத்தில் விளக்கு, விளக்குக்கு ஒரு பொத்தான், பொத்தானின் கம்பியை ஒதுக்கி வைக்க ஒரு கவ்வி, பின்குழாயில் கன்னம் படியப் பஞ்சு உறை, முன்கையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை. கிறிஸ்துமஸ் மரத்துக்குக்கூட ஜனவரியில் விடுதலை உண்டு.

ஜோலீன் கேட்கப் போகும்போதெல்லாம் ஒரு பாடம் கிடைத்தது. "எடுத்தவொடனே தோள்ல வைக்காதே! சட்டப்படி—"

"ராய்ஸ், என் தோள்ல தகடு இருக்கு. அங்க வைக்க முடியாதுன்னுதான் இதயே வாங்குனது."

"நான் பொதுவாச் சொல்றேன்."

இந்த இனம் எதையும் பொதுவாகத்தான் சொல்லும்.

சனிக்கிழமைகளில் சுடுதிடலில் இவரைப் பார்க்க வேண்டும். தமக்கென்று இதே மாதிரி மூன்று வைத்திருக்கிறார். மேஜைமேல் விரிப்பு, விரிப்பின்மேல் திருப்புளிகள், அறுவை சிகிச்சைக்குப் பரப்பியது போல. இரண்டு குண்டு சுடுவார். குழல்முனையில் அவர் பூட்டிய தடுப்பி வெடிப்பையெல்லாம் பக்கவாட்டில் திருப்பிவிடும். பக்கத்து மேஜையில் டெல்பர்ட்டின் தொப்பி பறக்கும். பிறகு தொலைநோக்கியில் குறித்தாளைப் பார்ப்பார். ஓட்டை இரண்டும் எங்கெங்கோ இருக்கும். "ம்ம்" என்பார். திருப்புளியை எடுப்பார். மூன்றாவது குண்டு அடுத்த சனிக்கிழமைக்கு.

"ஏம்ப்பா, மூணாவதையும் சுட்டுத்தான் பாரேன்," என்று டெல்பர்ட் ஒருநாள் தொப்பியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அமைப்பு இன்னும் உக்காரலைய்யா."

"அது என்ன, கல்யாணப் பொண்ணா உக்கார்றதுக்கு?"

சீர்திருத்தக்காரருக்குத் தாளைக் கண்டால் பயம். அவரைப் பற்றி அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். தாள் பேசாது, ஓட்டையைக் காட்டும்.

குட்டிகள் செத்த அன்று சாயங்காலம் ஜோலீன் கொட்டகை வாசலில் போய் நின்றாள். துப்பாக்கி மேஜை இடுக்கியில் மல்லாந்து கிடந்தது. ராய்ஸ் நெற்றிவிளக்கோடு குனிந்திருந்தார்.

"ரெண்டு குட்டி போச்சு, ராய்ஸ். இன்னும் எழுபது ஆடு ஈத்துக்கு நிக்குது. துப்பாக்கியக் குடு."

"இப்பப் போயா? புதுக் கைப்பிடி வெள்ளிக்கெழம வருது, ஜோ. ஒரே ஒரு—"

"நீ இத ஒரு தடவையாவது சுட்டுப் பாத்தியா?"

அவர் விளக்கை அணைத்தார். நன்றாக இருட்டாத நேரம். அவர் முகம் தெரிந்தது.

"இல்ல."

"ஆறு மாசமா?"

"அவன் குறி வச்ச துப்பாக்கி அது. நான் சுட்டு, தப்பா விழுந்துச்சுன்னா... மார்ட்டின் கைபட்டது, ஜோ."

"அவன் கைபட்டத எல்லாம் நீ கழட்டிட்டே."

இனத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு சீர்திருத்தக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். அலமாரியில் காப்பி டப்பாவுக்குள் கிடந்த இரும்புக் குறிகளை அவளாகவே தேடி எடுத்தாள். வாரும் கிடைத்தது, பிரித்த நூலோடு. அவர் இடுக்கியைத் தளர்த்தினார். அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நல்லது. சிரிப்பு அடங்கியதும் உங்கள் வீட்டுப் பரணையும் மேஜை இழுப்பறையையும் ஒரு தடவை பாருங்கள். யாரோ உங்களை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன தையல் இயந்திரம், செத்துப்போனவர் பேசிய ஒலிநாடா, சுத்தப்படுத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்த கல்யாணப் படம் — அங்கே ஏதாவது இருக்கலாம். அதன் சொந்தக்காரர் போன மாதம் கேட்டார் அல்லவா? "இன்னும் கொஞ்சம்" என்றீர்கள் அல்லவா? அப்படியானால் உங்களுக்கும் ஒரு விரிப்பும் திருப்புளியும் வாங்கிக்கொள்ளலாம். இனத்தில் இடம் இருக்கிறது.

ஜோலீன் நேராகக் கிழக்கு வேலிக்குப் போனாள். வண்டி முகப்பின்மேல் வைத்து, விளக்கையும் பட்டையையும் கண்ணாடியையும் கழற்றிப் போட்டாள், இரும்புக் குறிகளைப் பூட்டினாள், வாரை முதுகில் சுற்றித் தன் கைநீளத்துக்கு முடிச்சுப் போட்டாள். மண்மேட்டில் காகிதத் தட்டை நிறுத்திவிட்டு, துப்பாக்கியை முன்னால் தள்ளி வார் விறைத்ததும் சுட்டாள். தட்டுக்கே வெளியே. திருத்தினாள். விளிம்பில் பட்டது. திருத்தினாள். அடுத்தது உள்ளே விழுந்தது. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது, தட்டு தெரியவில்லை. குறி இன்னும் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளியே நிற்கிறது.