கழுவிய முத்திரைகளும் திறக்காத கடிதமும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
புதன்கிழமை.

அன்புள்ள கனகரத்தினம் குஞ்சியப்பாவுக்கு,

இராகுலன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ரொறன்ரோக் குளிரில் முழங்கால் நோவு ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் நீங்களும் இருக்கக் கோணேசர் அருள் புரியட்டும். இந்த வசனம் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. இனி வருவதெல்லாம் நான். வட்ஸ்அப்பில் நாலு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. முத்திரைக் கதையை முத்திரை ஒட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதன்முறையாகப் பேனை பிடிக்கிறேன். கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் அல்பத்தைக் கெடுத்துவிட்டேன்.

போன மாதம் நீங்கள்தானே போனில் சொன்னீர்கள், அலுமாரிக்கு மேலே இருக்கும் அல்பமும் பிஸ்கற் ரின்னும் இனி உனக்கு, விற்றுச் சொந்தமாகக் கடையைத் திற என்று. அப்பா உயிரோடு இருந்த காலம் முழுக்க, கூரை ஒழுகினாலும் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் போனாலும், "தம்பி கனகுவின்ர அல்பம் கிடக்குத்தானே" என்று சொல்லித்தான் நித்திரைக்குப் போவார். ஆகவே அது முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்த பற்றறி என்றே நானும் நினைத்திருந்தேன். இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு இருக்கிறது. படகுக்காரர்களின் மீன் காட்டும் கருவி, வயர்லெஸ், ஜி.பி.எஸ் எல்லாம் திருத்த அதைவிட நல்ல இடம் கிடையாது. மாதமுடிவுக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் ஜூஸ் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அறைக்காரர் சொல்லிவிட்டார். அவசரம் எனக்கு. அவசரத்தில் செய்ததுதான் எல்லாம்.

முதலில் தரம் பிரித்தேன். எங்கள் தொழிலில் பழுதான பாகத்தை முதலே ஒதுக்க வேண்டும். ஒரு முத்திரையில் குருவியின் சிவப்பு நிறம் குருவியில் இல்லை, இரண்டு மில்லிமீற்றர் தள்ளிக் காற்றில் நின்றது. அச்சுப் பிழை. வேர்னியர் அளவுகோலால் அளந்து உறுதிப்படுத்திக் குப்பைக்குள் போட்டேன். பிறகு, பாவிக்காத புது முத்திரைகளைப் பிரட்டிப் பார்த்தால் பின்பக்கம் பழைய பசை பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்தது. ரின்னுக்குள் அறுபது எழுபது பழைய கடித உறைகள், ஒவ்வொன்றிலும் முத்திரை, அதன் மேல் கறுப்புச் சீல் குத்து. நீங்கள் அந்தக் காலத்தில் முத்திரை கழற்றப் பீங்கானில் தண்ணீர் வைத்து இரவு முழுக்க ஊறப்போடுவீர்களாம். நான் வேலை செய்யும் இடத்தில் உப்புப் பிடித்த சர்க்கியூட் பலகை கழுவ அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது. சுடுதண்ணி, கொஞ்சம் சவர்க்காரம், ஏழு நிமிடம். குஞ்சியப்பா, பார்த்திருந்தால் நீங்களே கை தட்டியிருப்பீர்கள். முத்திரைகள் தானாகக் கழன்று மிதந்தன, பசை ஒரு துளி இல்லை, சீல் மைகூடக் கரைந்து போய்விட்டது. வெறும் உறைகளை வீதி முனையிலே கடலை விற்கும் ஆளிடம் கொடுத்தேன், சுருள் சுற்ற உதவும் என்று.

எல்லாவற்றையும் காயவைத்து அடுக்கி, மெயின் வீதியில் கொப்பி புத்தகம் விற்கிற ஸெய்னுதீன் நானாவிடம் கொண்டுபோனேன். கொழும்பிலிருந்துகூட அவரைத் தேடி முத்திரைக்காரர் வருவார்களாம். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குப் பசை எங்க?"

"கழுவிப்போட்டன் நானா."

"கழுவி?"

"சுத்தமா."

"அப்ப சீலு?"

"அதும் போயிட்டுது. ஊத்தையெல்லாம் போயிட்டுது."

"யா அல்லாஹ். ஒங்களப் படிப்பிச்ச ஆக்கள் ஆரு?" என்றவர் கதிரையைத் தேடிப்பிடித்து இருந்தார். "பசையோட இரிந்தா அது புது முத்திர. சீலோட இரிந்தா பாவிச்ச முத்திர. ரெண்டும் இல்லாட்டி, தம்பி, அது சின்னப் படம்."

குருவிக் கதையை அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. நான் ஒளிக்கத் தெரியாத ஆள், சொல்லிவிட்டேன். குப்பை வண்டி எந்தக் கிழமை வந்தது என்று மட்டும் கேட்டார். திங்கள் என்றேன். அதன் பிறகு எனக்குத் தேத்தண்ணி சொல்லியிருந்ததை வேண்டாம் என்று பையனிடம் சைகை காட்டினார்.

எனக்குக் கோபம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் கோபத்தைவிட இது என்ன கணக்கு என்று அறியும் ஆவல்தான் கூடிவிட்டது. ஒரு ரெசிஸ்டரின் பெறுமதி அதன் உடம்பிலேயே நிறக்கோடாக இருக்கும். யார் அளந்தாலும் அதே. முத்திரைக்கோ உடம்பில் அச்சடித்த விலை ஒன்று, வெளிநாட்டு விலைப் புத்தகத்தில் ஒன்று, ஸெய்னுதீன் நானா தருகிற விலை இன்னொன்று. பழுதானது விலை கூட, பழுதில்லாதது விலை இல்லை. நான்கு நாள் தொடர்ந்து போய் அவரைக் குடைந்தேன். நீங்கள் தபாற்கந்தோர் வரிசையில் நின்று வாங்கிய அழகான நினைவு முத்திரைகளை, கழுவாமல் கொண்டுபோயிருந்தாலும், அரை விலைக்குக்கூட எடுக்க ஆளில்லையாம். லட்சக்கணக்கில் அடித்தது, வாங்கியவர் எல்லாம் உங்களைப் போலவே பொன்போலப் பொத்தி வைத்தார்கள். இன்று எல்லா வீட்டு அலுமாரியிலும் அதே பக்கம், அதே வரிசை. கிடைக்காதது என்னவென்றால் சாதாரண உறைதானாம். எந்தச் சின்னத் தபாற்கந்தோரில் போட்டது, எந்தத் திகதி, எந்த வழியாகப் போனது என்று சீல் தெளிவாக இருக்கிற முழு உறை.

"அப்ப இண்டையிலிருந்து எல்லாரும் உறையைச் சேர்த்தால், நாப்பது வருசத்தில அதுக்கும் விலை இல்லாமப் போகுமே நானா?"

"அதுக்குத்தானே நான் ஒருத்தருக்கும் சொல்றல்ல."

"எனக்குச் சொல்லிட்டீங்கள்."

"ஒங்களுக்குச் சொன்னா என்ன? நீங்க கழுவிப் போடுவீங்க."

ஓடினேன் கடலைக்காரரிடம். "தம்பி, நல்ல கடுதாசி, தீந்துபோச்சு" என்றார். உங்கள் இளமைக்காலம் முழுவதும் கடற்கரையில் உப்புக் கடலையோடு போய்விட்டது.

இனித்தான் முக்கியமான விஷயம். வெறும் ரின்னைத் தட்டினேன். அடியில் துருவோடு ஒட்டிப்போய் ஒரே ஒரு உறை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து, உங்கள் கையெழுத்து, முகவரி செல்வி புஷ்பவதி, சாம்பல்தீவு. பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடம், நீங்கள் தபாலில் போட்டிருக்கிறீர்கள்! அந்த நேரத்து இனக்கலவரக் குழப்பத்தில் அந்த வீட்டில் ஆளில்லை போல. கடிதம் மூன்று இடம் அலைந்து மூன்று சீலோடு, பெறுநர் இல்லை என்ற குறிப்போடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதற்குள் நீங்கள் பிளேன் ஏறிவிட்டீர்கள். அம்மா வாங்கி ரின்னுக்குள் போட்டவ, மறந்துவிட்டா. இன்றுவரை யாரும் திறக்கவில்லை.

ஸெய்னுதீன் நானா அதைக் கையால் தொடவே இல்லை. இடுக்கியால் தூக்கினார். அந்த மூன்று சீலில் ஒன்று கொஞ்ச நாள் மட்டும் இயங்கிய ஒரு உபதபாற்கந்தோருடையதாம், இதுவரை அவர் படத்தில்தான் பார்த்தாராம். ஒரு தொகை சொன்னார். என் அறையின் அட்வான்ஸ் அப்படியே அதற்குள் அடங்கும். நிபந்தனை ஒன்றுதான்: ஒட்டினது ஒட்டினபடி இருக்க வேண்டும், திறந்தால் பாதி விலையும் இல்லை.

வீட்டில் அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. "ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு எழுதின கடிதத்தைக் கடையில விக்கிறதோடா? அந்த மனுசன் ஏன் இவ்வளவு காலம் கலியாணம் கட்டாமல் இருக்கிறார் எண்டு எனக்கு இப்பத்தான் விளங்குது" என்று அம்மா கண்ணைத் துடைக்கிறா. எனக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் வேலை ஓடவில்லை. எல்.ஈ.டி ரோச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் மடிப்பு. "தயவுசெய்து", "எனக்கு மட்டும்", "பதிலுக்குக் காத்திருப்பேன்". இவ்வளவுதான் தெரிந்தது. அம்மாவுக்கு இவ்வளவு போதும், மிச்சத்தை அவ தானே எழுதி முடித்துவிட்டா.

நான் முடிவெடுத்துவிட்டேன் குஞ்சியப்பா. வெள்ளிக்கிழமை அதை ஸெய்னுதீன் நானாவுக்கு விற்கிறேன். சேராத கடிதம் சேரவில்லை. நாற்பது வருடம் பிந்தி அதை வைத்து அழுது என்ன பிரயோசனம்? எனக்குக் கடை வேண்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், விற்ற பிறகாவது என் மனம் ஆறட்டும். மற்றபடி இதற்காக நீங்கள் மினக்கெட்டு ஊருக்கு வர வேண்டாம். ரிக்கற் காசு வீண், இங்கே பார்க்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் பூசவும். அம்மாவின் அன்பும், அல்பத்தைக் கெடுத்தவனின் பணிவான வணக்கமும்.

இப்படிக்கு,
பெறாமகன் இராகுலன்

பி.கு. (வெள்ளி பின்னேரம்): மேலே எழுதியதில் முதல் வசனத்தையும் எண்ணெயையும் மட்டும் நம்பவும். நேற்று அம்மா எனக்குச் சொல்லாமல் நிலாவெளி பஸ் ஏறிச் சாம்பல்தீவில் இறங்கி விசாரித்திருக்கிறா. இன்று காலை நானும் ஸெய்னுதீன் நானாவும் விலை பேசிக்கொண்டிருக்க, அம்மா ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தா. ஓய்வுபெற்ற ரீச்சர், கையில் ஒரு துணிப்பை. "எனக்கு வந்த கடிதம் எண்டு சொன்னாங்கள்" என்றா. நானா இடுக்கியை நீட்ட முன்பே உறையை எடுத்து, பெருவிரலை விட்டு, ரொபித் தாள் உரிக்கிற மாதிரி ஒரே இழுவை. மூன்று சீலில் ஒரு சீல் இரண்டாய்ப் போனது. நானா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ரீச்சர் வாசித்தா. பிறகு சத்தமாகவே வாசித்தா. "உங்களுடைய அண்ணா குவைத்திலிருந்து போடுகிற கடிதங்களின் முத்திரைகளைத் தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கு மட்டும் தரவும், பதிலுக்குக் காத்திருப்பேன்." இவ்வளவுதான் குஞ்சியப்பா! ஒரு அன்பான சொல்லாவது இடக்கூடாதா? அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இதைத்தானோ கேட்டவர்?" என்றா ரீச்சர். "தபாற்கந்தோர் வரிசையில ஒவ்வொரு நாளும் பாப்பன், முத்திரையைத்தான் பாத்துக்கொண்டு நிப்பார். கேப்பார் கேப்பார் எண்டு எடுத்து வைச்சனான். வீடு விட்டு ஓடின நேரமும் கொண்டுதான் ஓடினனான். பிறகு, போயிட்டார் எண்டாங்கள்."

பையைக் கவிழ்த்தா. குவைத் உறைகள், நாற்பத்தாறு, ஒன்றும் கிழியாமல், ஒன்றும் கழுவாமல். ஸெய்னுதீன் நானா இடுக்கியை மேசையில் வைத்தார். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார், எனக்கும். விலை சொல்ல வாயெடுத்தார். "விக்கிறதுக்கில்லை, அது அவருக்கு வைச்சது" என்றா ரீச்சர். அந்தப் பை உங்கள் கையில் திறக்கிற நாளில் தானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக நானா தன் கடையின் முன் மூலையை எனக்கு வேலை செய்யத் தந்திருக்கிறார். அந்தத் தொட்டி மட்டும் வாசல் தாண்டக் கூடாதாம்.

பையைத் தபாலில் அனுப்பிவிடட்டுமா என்று நான் கேட்டேன். ரீச்சர் உறைகளை எண்ணித் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னா: "ஒருக்காத் தபாலில போட்டது வந்துசேர நாப்பது வருசம் போச்சு, தம்பி. இதை வந்து எடுக்கச் சொல்லுங்கோ."