மாமனார் தந்த சவரக்கத்தி

கத்தி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மாப்பிள்ளை இரண்டு கட்டைவிரல்களையும் கொடுத்து நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. குளியலறை அலமாரியில், ஷாம்பு பாட்டில்களுக்குப் பின்னால், ஈரத்திலேயே ஒரு வருஷம் கிடந்தால் எந்தக் கத்திக்கும் இந்தக் கதிதான்.

"என்னங்க, உள்ள குடியே போயிட்டீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேம்மா" என்றவர் கத்தியைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அது மாமனாருடைய கத்தி. கொம்புப் பிடி போட்ட பழைய காலத்து மடக்குச் சவரக்கத்தி. இரும்பில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். அந்தக் கத்தியின் புகழ் மாமனாரின் முகத்திலேயே தெரியும். ஒரு முடி கிடையாது, பளபளவென்று இருப்பார். பெண் கேட்டுப் போன அன்று அவர் இவருடைய மீசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசைங்கறது என்ன தம்பி? ஒழுங்கா ஷேவ் பண்ணச் சோம்பேறித்தனப்பட்டவன் விட்டு வச்ச மிச்சம்" என்றார். அதற்கப்புறம் கல்யாணம் முடியும்வரை இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் கல்யாணத்தன்று ஓர் ஓரமாகக் கூட்டிப்போய் இந்தக் கத்தியைக் கையில் திணித்தார். "என் மாமனார் எனக்குக் குடுத்தது. இனிமே இது உங்களுது மாப்ள" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. 'தம்பி', 'மாப்ள' ஆனது அன்றைக்குத்தான். அந்த வீட்டில் தன்னையும் ஒரு மனிதனாகச் சேர்த்துக்கொண்டதற்கு மாப்பிள்ளையிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கத்திதான்.

அதைத்தான் துருப்பிடிக்க விட்டிருந்தார்.

அதுவும் போகட்டும். வாய் சும்மா இருந்ததா? மாப்பிள்ளைக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று யார் கத்தினாலும், "எல்லாம் சரியா இருக்கு சார், கவலையே படாதீங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது. நேற்று மாமனார் வீடியோவில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, "கத்தி இருக்கா மாப்ள?" என்று கேட்டதும் அந்த நாக்குதான் பதில் சொன்னது.

"இருக்காவா? புதுசு மாதிரி இருக்கு மாமா! தினமும் தீட்டி வைக்கறேன். நீங்க வாங்க, என் கையாலேயே உங்களுக்கு ஷேவ் பண்ணி விடறேன்!"

அந்தப் பக்கம் போன் ஒருமுறை குலுங்கியது. திரையில் வழக்கம்போல் மாமனாரின் நெற்றி மட்டும் தெரிந்தது. கொஞ்ச காலமாகவே அவர் போனை அப்படித்தான் பிடிக்கிறார். வயதாகிவிட்டது, பாவம்.

"சரி மாப்ள. வந்து பாக்கறேன்" என்றது நெற்றி.

ஆகவே இப்போது இந்தப் பாடு. தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைத்ததில் கத்தி ஒருவழியாகத் திறந்தது. உள்ளே இரும்பைக் காணோம், துருதான் இருந்தது. மாப்பிள்ளை ஹார்டுவேர் கடைக்குப் போய், "நல்லா வேலை செய்யற உப்புத்தாளாக் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரரும் வஞ்சனையில்லாமல் கதவு தேய்க்கிற தாளைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கை வலிக்க வலிக்கத் தேய்த்தார். துரு போயே போய்விட்டது. கூடவே கொடியும் பூவும் போய்விட்டன.

"அய்யய்யோ" என்றார் மாப்பிள்ளை.

"என்ன அய்யய்யோ?" என்று வந்து நின்றாள் மனைவி. துண்டுக்குள் மறைக்க நேரமில்லை. அவள் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கப்பா கத்தியா?"

"ஆமா."

"பூ இருக்குமே?"

"இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "உண்மையச் சொல்லிடுங்களேன். அப்பா என்ன கடிச்சுத் துப்பிடுவாரா?"

"உனக்குத் தெரியாது. ஒரு வருஷமாத்தான் அவரு என்னை மனுஷனா மதிக்கிறாரு. அதுவும் இதாலதான்" என்றார் மாப்பிள்ளை. அவள் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பூ போனால் போகட்டும், கூராவது இருக்க வேண்டும். தெருமுனை சலூன்காரரிடம் கொண்டுபோனார்.

"நாங்கள்லாம் பாதி பிளேடை ஒடிச்சுச் சொருகறவங்க சார்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இதை ஏதோ கல்லுல தீட்டி, தோல்ல தேய்ப்பாங்கன்னு கேள்வி. எதுக்கும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, கஸ்டமர் பயப்படறாரு."

மிச்சத்தை இணையத்தில் ஒரு தாடிக்காரர் சொல்லிக்கொடுத்தார். சவரக்கத்தியைத் தீட்டும்போது கூரும் முதுகும் இரண்டுமே கல்லில் படிந்திருக்க வேண்டும், முதுகைத் தூக்கவே கூடாது என்றார். மாப்பிள்ளை அதைச் சமையலறைக் கத்தி தீட்டுகிற கல்லில் செய்தார். கை பழக்கதோஷத்தில் சமையலறைக் கத்தியைத் தீட்டுவதுபோலவே முதுகைத் தூக்கித் தூக்கித் தேய்த்தது. காகிதத்தை வெட்டிப் பார்த்தார், கிழிந்தது. இன்னும் தேய்த்தார். காகிதம் இப்போது கிழியக்கூட இல்லை, கசங்கியது.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, கத்தியின் முதுகைக் கல்லோடு அழுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் ஏதோ ஒரு கூர் வந்த மாதிரி இருந்தது. இனித் தோல். பிறந்தநாளுக்கு மனைவி வாங்கித் தந்த பெல்ட்டைக் கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்துப் பிடித்தார். கல்லில் கூர் முன்னால் போக வேண்டும், தோலில் முதுகு முன்னால் போக வேண்டும் என்று தாடிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கல்லில் பழகிய கையோடு கூரை முன்னால் விட்டார். பெல்ட் இரண்டாகி, பாதி கதவிலும் பாதி கையிலுமாக நின்றது.

"அது நான் வாங்கித் தந்த பெல்ட்டுங்க!"

"பெல்ட்டையே அறுக்குதுன்னா பாரேன்!" மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இது முகத்துல எப்படி வழுக்கிட்டுப் போகும்!"

வழுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு கன்னத்தில் வைத்ததும் கத்தி ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கை நழுவி, மீசையின் இடது ஓரம் காணாமல் போயிற்று. சமன் செய்ய வலது ஓரத்தைக் கொஞ்சம் எடுத்தார். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மறுபடி இடது. மறுபடி வலது. கடைசியில் மூக்குக்கு நேர் கீழே மிஞ்சியிருந்த துண்டைக் கண்ணாடியில் பார்த்துப் பதறி, அதையும் எடுத்துவிட்டார்.

பதினேழு வயதிலிருந்து இருந்த மீசை. கண்ணாடியில் யாரோ தெரிந்தார்கள். அந்த அதிர்ச்சியில் கத்தி கைநழுவிக் குழாயின் மேல் விழுந்தது. கூரில் நடுவாக ஒரு பொக்கை. பிடியும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, கத்தியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க தம்பி மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"எனக்குத் தம்பியே கிடையாதே."

"அதனாலதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் மாமனாரும் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றார். பின்னால் அத்தை, பெட்டியோடு.

"சளியா மாப்ள?"

"ஆமா மாமா. உங்களுக்கும்?"

"ஆமா."

உட்காரக்கூட இல்லை. "கத்தி எங்க?" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை உள்ளே போனார். கத்தியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மாமனார் பிளந்த பிடியைப் பார்த்தார். பூ இருந்த இடத்தைத் தடவினார். கூரில் கட்டைவிரலை ஓட்டினார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன் மாமா." மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்துவிட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "துருப்பிடிக்க விட்டது நான்தான். சரி பண்றேன்னு மொத்தமாக் கெடுத்தேன். நீங்க நம்பிக் குடுத்ததைக் காப்பாத்தத் துப்பில்ல. மன்னிச்சிடுங்க."

மாமனார் கண் கலங்கிவிட்டது. "இனிமே இது தேறவே தேறாதா மாப்ள?"

"தேறாது மாமா."

"திருப்பித் தீட்டினாக்கூட?"

"எவ்வளவு தீட்டினாலும் தேறாது."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும் மாமா" என்று தலைகுனிந்தார் மாப்பிள்ளை.

மாமனார் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கைக்குட்டை மெல்ல இறங்கியது. அதற்குப் பின்னால் அடர்ந்து வெளுத்து, இரண்டு முனைகளும் மேல்நோக்கி முறுக்கிய மீசை இருந்தது. "மாப்ள!" என்று மாப்பிள்ளையை இறுகக் கட்டிக்கொண்டார்.

"அப்பா!" என்று வாயைப் பிளந்தாள் மகள்.

அத்தை பெட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க ஷேவ் பண்ணி விடறேன்னதுலேருந்து மனுஷனுக்குத் தண்ணிகூட எறங்கல மாப்ள. எங்கப்பா கத்தி வீட்டுல இருக்கறவரைக்கும் மீசை வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னதாலதானே, அதை உங்க தலையில கட்டினதே!"