வயிற்றுக்கு இரண்டாம் வெட்டு

எடைமேடைக்காரர் மேடையிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்றார். எதிர்ச்சுவரில் இருந்த சிவப்பு எண் திரை கொஞ்சமும் கூச்சப்படாமல் நூற்றிருபது என்றது.

நேற்று மாலை வரை அது நூறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

லாரிகளை எடைபோடும் மேடை அது. சுமையோடு வரும் லாரியை ஒரு முறை, காலியாகத் திரும்பும் லாரியை ஒரு முறை எடைபோட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அடித்துக் கொடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. நாற்பது டன்னை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும் அந்த மேடைக்குச் சில்லறை எடை தெரியாது. இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். நூற்றொன்பது கிலோ ஆளைப் பெரிய மனது பண்ணி நூறு என்று சொல்லும். அதுவே நூற்றுப்பத்து ஆகிவிட்டால் ஒரே தாவலில் நூற்றிருபதுக்குப் போய்விடும். இது அவருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்ததால்தான் கடந்த சில வருடங்களாக வேறு எந்த எடைக்கருவியிலும் அவர் கால் வைக்கவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தது. பத்துச் சக்கர லாரியின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “அண்ணே, நீங்க இறங்கினா நான் ஏறுவேன்” என்றார்.

“வயிறு விரிஞ்சிடுச்சு” என்றார் எடைமேடைக்காரர், செருப்பை மாட்டியபடி.

அவருடைய வயிறு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆப்பரேஷன் செய்து முக்கால்வாசி இரைப்பையை வெட்டி எடுத்தவர் அவர். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சட்டையைத் தூக்கி ஐந்து சின்னத் தழும்புகளைக் காட்டுவார். அந்த ஒரே வருடத்தில் முப்பத்துமூன்று கிலோ இறங்கியது. மேடை முதன்முதலாக எண்பது என்று சொன்ன நாளில் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு கிலோவாகப் போன வழியே திரும்பி வந்தது. அவரைக் கேட்டால் அதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை. வெட்டிய வயிறு நாளாக ஆக விரிந்துகொடுக்கும் என்று எங்கோ படித்திருந்தார்.

தனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாம் முறையும் வெட்டிக்கொண்டு இப்போது பழைய சட்டையெல்லாம் போட்டுக்கொள்கிறார் என்று பத்துச் சக்கர ஓட்டுநர் சொன்னார். மத்தியானத்துக்குள் இருபது ஓட்டுநர்கள் இருபது விதமாகச் சொன்னார்கள். சாயங்காலம் அவர் மருத்துவமனையில் இருந்தார்.

பழைய டாக்டர் அங்கே இல்லை. ஆப்பரேஷன் முடிந்த மறுமாதமே வெளிநாடு போய்விட்டாராம். இப்போது இருப்பவர் சின்ன வயது. சிரிக்கத் தெரிந்தவர், ஆனால் வாக்குக் கொடுக்கத் தெரியாதவர். முதல் முறையைவிட இரண்டாம் முறை சிக்கலானது, ஏற்கெனவே தைத்த இடத்தில் மறுபடி கை வைப்பதால் கசிவும் தொற்றும் வர வாய்ப்பு கூடுதல், உயிருக்கே ஆபத்து வரலாம் என்று ஒரு தாளில் வயிற்றை வரைந்து விளக்கினார். எடைமேடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார். உயிர் என்ற சொல் வந்தபோது தலையாட்டல் கொஞ்சம் நின்றது உண்மைதான். ஆனால் வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் மூன்று விஷயங்கள் கேட்டார். இரண்டு வாரத்துக்கு என்னென்ன சாப்பிட்டார் என்ற நோட்டு, வீட்டாரின் சம்மதம், பழைய ஆப்பரேஷனின் ஃபைல்.

“முதல் தடவை எங்க வெட்டினாங்க, எவ்வளவு வெட்டினாங்கன்னு தெரியாம நான் கத்தியை எடுக்க மாட்டேன்” என்றார் அவர்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய பேண்ட்டின் இடுப்பை மூன்று முறை சத்தமில்லாமல் பிரித்து விட்டவள் அவள்தான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இவர் விஷயத்தைச் சொன்னதும் மெஷின் நின்றது.

“வேண்டாங்க.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

மறுநாள் காரணம் கேட்டபோது சீருடை சீசன், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாது என்றாள். அதற்கு மறுநாள் வெயில் காலத்தில் தையல் ஆறாது என்றாள். வெயில் குறைந்ததும் மழையில் ஆறாது என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மனைவி எப்படித் தாங்கினாள் என்பதை நினைத்தால் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐசியு வாசலில் கிடந்தவள், வீட்டுக்கு வந்தபின் அவரை மறுபரிசோதனைக்குக்கூட அலைய விடாமல் தானே மருத்துவமனைக்குப் போய் உணவுத் தாள்களை வாங்கி வந்தவள், கரண்டி கரண்டியாக அளந்து ஊட்டியவள் இப்படி மாறிவிட்டாளே என்று வருத்தம்.

அவருடைய அக்காவிடம் ஃபோனில் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்.

“பொறாமைடா தம்பி. நீ இளைச்சு நின்னா உன் பக்கத்துல அவ வயசு தெரியும்ல.”

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. எதற்கும் சம்மதத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்வோம் என்று நோட்டை எடுத்தார்.

நோட்டு எழுதுவது அவருக்குக் கை வந்த கலை. பத்தொன்பது வருடம் எடை எழுதிய கை. அந்தக் கை மேடையின் வழக்கப்படியே எழுதியது. ஒன்பது பிஸ்கட் வரைக்கும் பூஜ்யம். நின்றுகொண்டு சாப்பிட்டதெல்லாம் போகும் வழியில் ஒட்டிய தூசி, அதை எழுதுவதில்லை. அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது அடுத்தவர் எடை. இரண்டு வாரம் கழித்து உணவு ஆலோசகரான பெண் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நீங்க இவ்வளவுதான் சாப்பிடறீங்கன்னா இங்க நடந்து வந்திருக்க முடியாது சார். தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும்.”

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை ஏறுகிறது என்றால் வயிற்றில் கோளாறு இல்லை, ரத்தத்தில் இருக்கலாம் என்று அவரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வேலைக்கு அரைநாள் மட்டம் போட்டு ஒன்பது குழாய் ரத்தம் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர ரத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று முடிவு வந்தது. ரத்தம் இப்படிக் காலை வாரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சரி, வயிறு விரிந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று இரண்டாவது நோட்டைத் தாராளமாக எழுதினார். சாப்பிட்டதைச் சாப்பிட்டபடியும், சாப்பிட நினைத்ததைச் சாப்பிட்டதாகவும் எழுதினார். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் நாலு பக்கம் போனது. ஆலோசகர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

“இது வயித்து விஷயம் இல்ல சார். மனசு.”

அடுத்த அறையில் மனநல ஆலோசகர் இருந்தார். வயதானவர், ஒரு வாய்த் தண்ணீரை ரொம்ப நேரம் குடிப்பவர். எதற்காக இந்த ஆப்பரேஷன் என்று கேட்டார். எடைமேடைக்காரர் முட்டி வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு என்று ஆரம்பித்தார். ஆலோசகர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டுகிறவரிடம் பேசிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் உண்மை வந்துவிடுகிறது.

“எனக்கு மன உறுதியே கிடையாது சார்” என்றார் எடைமேடைக்காரர். “சின்ன வயசுலேர்ந்து எதையும் ஆரம்பிச்சு முடிச்சதில்ல. அந்த ஒரு வருஷம்தான் ஜெயிச்சேன். அதுவும் நான் ஜெயிக்கல, வெட்டின வயிறு ஜெயிச்சுது. மறுபடி வெட்டினாத்தான் எனக்கு உண்டு. இல்லன்னா இப்படியே ஊதிச் சாகவேண்டியதுதான்.”

சொல்லி முடித்ததும் அவமானமாக இருந்தது. ஆலோசகர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடைமேடைக்காரர் வெளியே வந்து பிரித்துப் பார்த்தார். ‘ஆப்பரேஷனுக்கு மனதளவில் தயார்’ என்று இருந்தது. மனிதர் இதைக் கேட்டு ஏதாவது செய்வார் என்று நினைத்தவருக்குச் சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை என்று தேதி குறித்தார்கள். ஃபைலும் மனைவியின் சம்மதமும்தான் பாக்கி.

ஃபைல் வீட்டு பீரோவில் இருந்ததாக அவருக்கு ஞாபகம். மனைவி வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது என்றாள். அவர்கள் கடைசியாக வீடு மாற்றியது ஆப்பரேஷனுக்கு இரண்டு வருடம் முன்னால். இதை அவர் சுட்டிக்காட்டியதும் அப்படியானால் கரையான் அரித்திருக்கும் என்றாள். பீரோ இரும்பு. அவருக்குக் கோபம் வந்தது.

“நான் நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கல. அக்கா சொன்னது சரிதான்.”

அவள் மெஷினை மிதித்தாள். அன்று தைத்த காஜாவெல்லாம் கோணலாகப் போய், மறுநாள் அத்தனையையும் பிரித்தாள்.

எடைமேடைக்காரர் நேராக மருத்துவமனையின் ஆவண அறைக்குப் போனார். அடித்தளத்தில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆவண அறை அம்மாள் ஃபைல் நம்பர் என்ன என்று கேட்டார். அது ஃபைலில் இருக்கிறது என்றார் இவர். ஃபைலைக் கொண்டு வந்தால் நம்பரைப் பார்த்து ஃபைலை எடுத்துத் தருவதாக அந்த அம்மாள் சொன்னார். நம்பர் இல்லாமல் தேட வேண்டுமானால் டாக்டர் கடிதம் வேண்டும். டாக்டர் கடிதம் கொடுத்தார். கடிதத்தில் பழைய ஆப்பரேஷன் தேதி இல்லை. தேதி வாங்கிவந்தால் அன்று ஜன்னல் மூடும் நேரம். மூன்றாம் நாள் தேதியோடு போனதும், ஃபைல் வாங்க நோயாளியோடு நெருங்கிய உறவினர் ஒருவரும் நேரில் வர வேண்டும் என்று சொன்னார்கள். அந்த விதி சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவர் அதன்மேல்தான் மூன்று நாளாகச் சாய்ந்து நின்றிருந்தார்.

அக்கா ஊரில் இல்லை. மனைவியிடம் கேட்பதற்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் வேலைக்குப் போவதுபோல் கிளம்பியபோது அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நானும் வரேன். நாளைக்கு உங்களைத் தனியா உள்ள அனுப்ப என்னால முடியாது.”

ஆவண அறைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. மனுவை நீட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே இரும்பு அலமாரிகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக இழுக்கும் சத்தம் கேட்டது. மனைவி கைப்பையின் பட்டையைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பொறாமைக்காரி இப்படிப் பயப்பட மாட்டாள் என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது.

“அந்த வருஷம் நீங்க தினமும் என்கூட நாலு தெரு நடந்தீங்க” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “மழையில கூட நடந்தீங்க. அரைக் கிண்ணம் சாப்பிட்டதும் நீங்களாவே தட்டைத் தள்ளி வச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

“நான் எங்க தள்ளினேன். வயிறு தள்ளுச்சு.”

“பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல குடுத்ததும் வயிறா?”

“வயித்துல இடம் இல்ல, குடுத்தேன். இருந்திருந்தா நான் குடுக்கற ஆளா? என்னை எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். குரல் கடுமையாக வரவில்லை. “பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்குன்னு தனியா ஒரு பலம் கிடையாதும்மா. அதான் விஷயம்.”

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருடமாக வெளியிடத்தில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. நடக்கப் போய்க்கொண்டிருந்த நாட்களில் தெரு முனையில் லாரி திரும்பும்போது மட்டும் பிடிப்பாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். “முதல் வாரமே சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்ததும் வராததுமா நீங்க தழும்பைக் காட்டி எல்லார்கிட்டயும் அவ்வளவு சந்தோஷமா…”

ஜன்னல் கதவு திறந்தது. ஆவண அறை அம்மாள் தூசி படிந்த ஃபைலைத் தட்டி, பிரித்து, கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். மனுவை ஒரு தரம் பார்த்தார். ஃபைலை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

“ரெண்டாவது ஆப்பரேஷனுக்குன்னு எழுதியிருக்கீங்களே சார், மொத ஆப்பரேஷனே நடக்கலையே, அஞ்சு ஓட்டை போட்டு கேமராவை உள்ள விட்டதுமே பிரஷர் இறங்கிடுச்சுன்னு வயித்தை வெட்டாமலே தையல் போட்டு மூடியிருக்காங்க, ‘அவருக்கு நானே பக்குவமா சொல்லிக்கிறேன்’னு இந்தம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”