உச்சி சார் ஏறிய மலை

உச்சி சாரைப் போல மலையைப் பற்றிப் பேசியவரும் உலகத்தில் இல்லை. மலையை அத்தனை குறைவாக ஏறியவரும் இல்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில், பூந்தமல்லியில் ஒரு மெஸ்ஸில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்தோம். அதில் உச்சி சார் பத்திரங்களுக்கு நகல் எழுதும் குமாஸ்தா. பூந்தமல்லியோ தோசைக்கல் போலத் தட்டையான ஊர். ஆகவே சோலா தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை, கையில் ஈட்டி போல ஒரு தடி சகிதம் தினமும் ஏரிக்கரைமேல் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வார். எருமைகள் ஒதுங்கி நின்று வழிவிடும். பக்கத்துக் குன்றத்தூரிலேயே மலை இருக்கிறதே என்றால், "படி கட்டின மலையெல்லாம் கணக்குல சேராது சார்" என்பார்.

அவருடைய மலை பல்லாவரத்தில் இருந்தது. மொட்டைப் பாறையும் முள்ளும்தான். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் பட்டணத்து ஜனங்கள் சாரிசாரியாக ஏறுவார்கள். இடுப்பில் குழந்தையோடு ஏறிய அம்மாளை நானே பார்த்திருக்கிறேன். உச்சி சார் ஏழு முறை போய் ஏழு முறையும் பாதியில் திரும்பினார். ஒவ்வொரு முறையும் கூட வந்த யாருக்காவது கால் சுளுக்கும், அல்லது தலை சுற்றும். இவர் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்துவிடுவார். அதற்காக ராத்திரிச் சாப்பாட்டின்போது உச்சியை வர்ணிப்பதை நிறுத்தியதில்லை. கேட்டுக் கேட்டு எங்கள் ரசம் ஆறியது.

மெஸ்ஸிலிருந்த கம்பவுண்டருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அண்ணாத்தே, இந்தத் தபா மேல போய்க் காட்டு. இல்லாங்காட்டி இனிமே இந்த ஊட்டுல மலைப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா சொல்றே?"

உச்சி சார் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்தார். மனைவி இல்லை, நிலம் இல்லை. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவருடைய சொத்து. "சரி" என்றார்.

எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்கிறவன் என்பதால் என்னை மத்தியஸ்தனாக்கினார்கள்.

சித்திரை மாதத்து ஞாயிறு. வழியெல்லாம் மாட்டுவண்டிக்காரன் உச்சி சாரை விசாரித்துக்கொண்டே வந்தான்.

"மலை மேல சாமி கீதா நைனா?"

"இல்லப்பா."

"தண்ணி கீதா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு ஏறுறே?"

"எறங்கி வந்து சொல்றேன்."

"ஏழு தபா இட்டுகினு வந்தேன். இன்னும் சொல்லலியே நைனா."

அடிவாரம் சேரும்போது மணி பன்னிரண்டு. வானத்தில் மேகம், இதமான காற்று. உச்சி சார் வண்டியிலிருந்து குதித்தார். நான் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன்.

"எமகண்டம் சார். ஒன்றரைக்கு மேலதான் ஏறணும். இப்ப ஏறினா செல்லாது."

ஒன்றரைக்கு மேகம் முழுதும் கலைந்து, நல்ல நேரம் பிறந்தது. மற்ற நால்வரும் அடிவாரத்துப் புளியமரத்தடியில் தயிர்சாத மூட்டையை அவிழ்த்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். தண்ணீர் அவர் தோளில் தொங்கிய கூஜாவில் இருந்தது. உச்சியில்தான் குடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. அடிகளை எண்ணிக்கொண்டே போன எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணிக்கை தவறியது.

"இருபது அடிதான் சார் பாக்கி" என்றார் அவர்.

நிமிர்ந்தேன். உச்சிப் பாறையில் ஓர் ஆடு நின்று எங்களைப் பார்த்து அசைபோட்டது. பிறகு அதே ஆடு இரண்டாகத் தெரிந்தது. மூன்றாவது ஆடு தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போங்க சார். இங்கேர்ந்தே பார்த்துடறேன்" என்றேன். நாக்கு குழறியது.

அவர் ஒருமுறை மேலே பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கூஜாவைத் திறந்து பாதியை என் வாயிலும் பாதியைத் தலையிலும் ஊற்றினார். தம் தொப்பியை எனக்குக் கவிழ்த்தார். என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

அவர் வழுக்கைத் தலை வெயிலில் சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வழி நெடுக அவர் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்க இப்போதே பழகிக்கொள்கிறார் என்று புரிந்தது.

அடிவாரத்தில் கம்பவுண்டர் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். "இன்னா மத்தியஸ்தரே, ஏறினாரா?"

"இன்னும் இருபது..." என்று உச்சி சார் வாயைத் திறந்தார்.

"ஏறினார்" என்றேன் நான். "மேல ஒரு ஆடு இருந்தது. அதையும் போய்க் கேட்டுக்கோ."

அன்று ராத்திரியும் ரசம் ஆறியது. எதையும் எண்ணிவிடுகிற நான், அந்த இருபது அடியை மட்டும் இன்றுவரை எண்ணியதில்லை.