இருபத்தெட்டாம் நாள் கூமுட்டை

ஒரு காட்டில் ஒரு வாத்து இருந்தது. காடு என்றதும் புலி வரும், சிங்கம் வரும் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் விவசாய பூமியைத்தான் காடு என்போம். மூன்றரை ஏக்கர், ஒரு போர்வெல், நாலு வரிசைத் தென்னை, மூலையில் ஒரு குட்டை. புலி இல்லாத குறையைத் தீர்க்க அங்கே ஒரு கமிட்டி இருந்தது.

கமிட்டி வந்த கதை சின்னதுதான். காட்டுக்காரர் ஒருங்கிணைந்த பண்ணைப் பயிற்சிக்கு என்று மூன்று நாள் போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு ஃபிளெக்ஸ் பலகையைக் கொண்டுவந்து ஆட்டுக்கொட்டகைச் சுவரில் மாட்டினார். 'அடைகாக்கும் காலம்: கோழி 21 நாள். வாத்து 28 நாள். கின்னிக்கோழி 28 நாள்.' மாட்டினதோடு சரி, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிராணிகள் பார்த்தன. அதுவரைக்கும் அதுபாட்டுக்கு முட்டை போட்டு, பொரிந்தால் பொரிகிறது என்று கிடந்த ஜீவன்களுக்குச் சட்டம் கிடைத்துவிட்டது. சட்டம் வந்த பிறகு அதைக் கட்டிக் காக்க ஆள் வேண்டாமா?

சேவல் தலைவர் ஆனது. கின்னிக்கோழி செயலாளர், காட்டிலேயே பெரிய தொண்டை அதற்குத்தான். வெள்ளாடு குமாஸ்தா. வருகிற விண்ணப்பத்தை எல்லாம் பொறுப்பாக வாங்கிக்கொள்ளும், பிறகு தின்றுவிடும். தீர்மானத்தை நிறைவேற்றுவது டைகர் என்ற நாயின் வேலை.

இப்போது நம் வாத்துக்கு வருவோம். பெயர் ரோசாமணி, காட்டுக்காரர் பெண்டாட்டி வைத்தது. மணிலா வாத்து என்பார்களே, முகமெல்லாம் சிவப்பாக மரு மருவாக இருக்குமே, அந்த ஜாதி. மற்ற வாத்து மாதிரி குவாக் குவாக் என்று கத்த வராது. வாயைத் திறந்தால் பஞ்சரான டியூப் மாதிரி 'ஹ்ஹ்' என்று காற்றுத்தான் வரும். ஆனால் வேலைக்கு அலுக்காது. ஆட்டுக்கொட்டகை ஈயைப் பிடித்துத் தின்னும், தென்னைக்கடியில் பாம்பு வந்தால் சீறித் துரத்தும். எல்லாவற்றையும்விட, அடையில் உட்கார்ந்தால் ரோசாமணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யார் முட்டையை வைத்தாலும் முகம் சுளிக்காமல் உட்காரும். தலைவர் சேவலும் செயலாளர் கின்னிக்கோழியும் ரோசாமணியின் வயிற்றுச் சூட்டில் பொரிந்ததுகள்தான். காட்டில் எல்லாரும் அதை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்கு என்ன, வாய்தானே.

இப்படி வருஷக்கணக்காக ஊரார் முட்டைக்கு உட்கார்ந்த ரோசாமணி, பக்கத்துக் காட்டு ஆண் மணிலா குட்டைக்கு வந்துபோன பிறகு முதல்முறையாகத் தன் முட்டை ஒன்பதைத் தானே அடை வைத்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி டயர், அதற்குள்ளே வைக்கோல். காட்டில் அடைக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அதைக் கமிட்டிதான் ஒதுக்கும். பலகையில் போட்ட நாள் முடிந்தால் காலி செய்துவிட வேண்டும். அதற்கு மேலும் பொரியாத முட்டை கூமுட்டை என்று எழுதப்பட்டு எருக்குழிக்குப் போகும்.

இதில் ஒரு சிக்கல். நாட்டு வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள் சரி. மணிலா வாத்து முட்டை பொரிய முப்பத்தைந்து நாள் ஆகும். அது ரோசாமணியின் பிடிவாதம் இல்லை, அந்த ஜாதி முட்டை அப்படி. உள்ளே இருக்கிற குஞ்சுக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது.

இருபத்தைந்தாம் நாள் காலையில் ரோசாமணி தண்ணீர் குடிக்க எழுந்த சாக்கில் ஓட்டமும் நடையுமாகக் கமிட்டிக்குப் போனது.

"ஏனுங்க, எனக்கு இன்னும் ஏழு நாள் கூட வேணுமுங்க" என்றது.

"வாத்துன்னா இருபத்தெட்டுங்க. பலகையில இருக்குதல்லங்க" என்றது கின்னிக்கோழி.

"நான் மணிலாங்க. நாட்டு வாத்து வேற, நான் வேற."

"அப்ப நீங்க வாத்து இல்லீங்களா?"

"வாத்துதானுங்க."

"அப்ப இருபத்தெட்டு."

ரோசாமணி சேவலைப் பார்த்தது. சேவலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, உங்க வயித்துச் சூட்டுல பொரிஞ்சவன் நான். அதை இந்தக் கூட்டத்துல நன்றியோட பதிவு பண்றேன். ஆனா ஒண்ணு நெனச்சுப் பாருங்க, நான் இருபத்தொண்ணுல வெளிய வந்துட்டேன். ஒரு நாள் கூடக் கேக்கலீங்க."

"உள்ள அசையுதுங்க. வந்து காதை வெச்சுக் கேட்டுப் பாருங்க."

"காதை வெக்கறதுக்குத் தனியா படிவம் இருக்குதுங்க" என்றது கின்னிக்கோழி.

"இருந்துச்சுங்க" என்றது வெள்ளாடு, மென்று விழுங்கியபடி.

பேசிப் பேசிக் கடைசியில் கமிட்டி ஒரு வழி சொன்னது. முட்டை உயிரோடு இருப்பதாக உயிர்ச் சான்று கொடுத்தால் ஏழு நாள் நீட்டிப்பதைப் பரிசீலிக்கலாம். உயிர்ச் சான்று யார் கொடுப்பது? சம்பந்தப்பட்ட குஞ்சு நேரில் வந்து கால்ரேகை வைக்க வேண்டும்.

"குஞ்சு நேர்ல வந்துட்டா எனக்கு எதுக்குங்க ஏழு நாள்?" என்று கேட்டது ரோசாமணி.

"அதைத்தானுங்க நாங்களும் கேக்கறோம்" என்றது கின்னிக்கோழி. விண்ணப்பம் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. 'அம்மா அவர்களின் சேவையைப் பாராட்டி' என்று மேலே ஒரு வரி சேர்த்து நிராகரித்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அதோடு விட்டார்களா? டயருக்கு அடுத்த ஆளையும் அப்போதே முடிவு செய்தார்கள். கிரிஜா என்று ஒரு லேயர் கோழி. அந்த ரகக் கோழிகள் முட்டை போடும், அடை உட்காராது. உட்காருவதெல்லாம் அதுகளுக்குக் கௌரவக் குறைச்சல். கிரிஜா தன் முட்டை ஒன்பதுக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. 'அடை உட்காருபவர்' என்ற இடத்தில் ரோசாமணி பெயரையே எழுதியிருந்தது. ஆக, டயர் அதே டயர், வைக்கோல் அதே வைக்கோல், உட்காரப்போவதும் ரோசாமணிதான். அதன் முட்டை மட்டும் எருக்குழிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிஜாவுக்கும் சேவலுக்கும் போன ஆடியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு மட்டும் இல்லை, எதுவுமே இல்லை. காட்டில் வேறு சேவலும் கிடையாது. அப்புறம் அந்த முட்டைக்குள்ளே என்ன இருக்கும்? எல்லாருக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மதியம் வெள்ளாடு ஒரு கூடையில் கிரிஜாவின் முட்டையைக் கொண்டுவந்து டயர் ஓரத்தில் வைத்தது. "பழசை எடுத்துக் கூடையில வெச்சுட்டுப் புதுசை உள்ள வெச்சுக்கோங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் டைகர் வந்து கூடையை எடுத்துக்குவாப்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. பெற்ற முட்டையைத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ரோசாமணிக்கு அடியில் ஒன்பது முட்டையும் கதகதவென்று இருந்தன. ஒன்றுக்குள்ளே ஏதோ கொத்துகிற மாதிரிகூடத் தோன்றியது. பழைய கதையில் என்றால் இந்த இடத்தில் வாத்து ஒரு தந்திரம் செய்யும். நம் ரோசாமணி எதுவுமே செய்யவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. டைகர் வந்தது, கூடையில் இருந்ததை எண்ணியது, ஒன்பது. சரியாக இருந்தது. ரோசாமணியின் முட்டை வெள்ளை, கூடையில் இருந்ததோ பழுப்பு. ஆனால் பதிவேட்டில் நிறத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. டைகர் கூடையைக் கவ்விக்கொண்டு எருக்குழிக்குப் போனது. அங்கே பாதி அதன் வயிற்றுக்குள் போனது வேறு விஷயம்.

ஏழு நாள் ரோசாமணி அசையவில்லை. தண்ணீருக்கு எழுந்தால்கூட வைக்கோலை இழுத்து மூடிவிட்டுத்தான் எழுந்தது. எட்டாம் நாள் விடிந்தபோது டயருக்குள் ஒன்பது குஞ்சு. மஞ்சளும் கறுப்புமாக, தட்டை மூக்கும் சவ்வுக் காலுமாக.

காடே கூடிவிட்டது. கமிட்டிக்கு வியர்த்துவிட்டது. கோழி முட்டை ஏழு நாளில் பொரிந்திருக்கிறது. ஒன்று, பலகை தப்பு. இல்லையென்றால் கமிட்டி சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. இரண்டுமே நடக்கக்கூடாத காரியம்.

சேவல் மெதுவாக டயர் பக்கத்தில் வந்தது. அது ஒன்றும் முட்டாள் இல்லை. "அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. இதுங்க உங்க குஞ்சுங்களா?"

"ஆமான்னா என்னங்க பண்ணுவீங்க?"

"ஆமான்னா கோப்புப்படி இதுங்க ஒம்போதும் கூமுட்டை. எருக்குழிக்குப் போயாச்சுன்னு கையெழுத்து இருக்குதுங்க. எருக்குழில கெடக்க வேண்டியது வெளிய நடமாடுனா, டைகர்தானுங்க கொண்டுபோய் விடணும்." பின்னால் டைகர் நாக்கைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கிரிஜா குஞ்சுங்கன்னா?"

"அப்ப கோழிங்க. கோழிக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க."

ஒரு குஞ்சு ரோசாமணியின் முதுகில் ஏறி வழுக்கிக் கீழே விழுந்து, மறுபடி ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோசாமணி அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க என்ன பாடுபட்டது தெரியுமா?

"கோழிதானுங்க" என்றது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. செயலாளருக்குக் கேக்கோணும்."

காற்று மட்டும் வருகிற அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ரோசாமணி மூன்று தரம் சொன்னது. என் குஞ்சு இல்லைங்க. கிரிஜா குஞ்சுங்க. கோழிதானுங்க. கின்னிக்கோழி எழுதிக்கொண்டது.

அன்றைக்கே கிரிஜாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. ஏழு நாள் தாய் என்று பட்டம் கொடுத்தார்கள். விழா முடிவதற்குள் ஒன்பது குஞ்சும் குட்டையில் இறங்கிவிட்டன. கமிட்டி அவசரமாகக் கூடி, 'கோழிக்குஞ்சு குட்டையில் இறங்குவது தவறு, எனினும் முழுகாத காரணத்தால் மன்னிக்கப்படுகிறது' என்று தீர்மானம் போட்டது. கிரிஜா அதுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோசாமணிக்குச் செவிலி என்று ஒரு பொறுப்பு கிடைத்தது. குஞ்சுகளுக்கு நாலடி தள்ளி நடக்கலாம், மேலே படக்கூடாது. நாலடி தள்ளியே நடந்தது.

பிறகு வெள்ளாடு கறுப்பு மையைக் கொண்டுவந்து பலகையில் கோழிக்கு நேரே இருந்த 21-ஐ அழித்து 7 என்று எழுதியது. அந்த வருஷம் உட்கார்ந்த நாட்டுக்கோழிகள் அத்தனையின் முட்டையும் எட்டாம் நாள் கூமுட்டையாகி எருக்குழிக்குப் போனது. ஒரு கோழிக்குஞ்சுகூடப் பொரியவில்லை. கோழிகளின் அலட்சியமே காரணம் என்று சேவல் அறிக்கை கொடுத்தது. டைகர் நன்றாகக் கொழுத்தது.

நீதி: நீங்கள் பெற்ற வாத்து உயிரோடு இருக்க வேண்டுமானால் அதைக் கோழி என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முணுமுணுத்தால் செல்லாது, செயலாளருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.